தானாய் முளைக்கும் கீரையைச் சென்னையில் பறித்துச் சாப்பிட: முழுமையான வழிகாட்டி

ஆடியில் நாலு சாயங்காலம் மழை பெய்தால் போதும், சென்னையின் காலி மனைகளில் மூக்கிரட்டை படர ஆரம்பித்துவிடும். பக்கத்திலேயே குப்பைக்கீரையும் சாரணையும் கிளம்பும். வேலிக்கம்பியில் கோவையும் முடக்கத்தானும் ஏறும். ஊர்ப்பக்கமாக இருந்தால் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், அரை மணி நேரத்தில் மதியக் குழம்புக்குக் கீரை கொண்டுவந்துவிடலாம். சென்னையில் அப்படிச் செய்ய முடியாது. செடிக்கு இங்கே பஞ்சமில்லை, சுத்தமான மண்ணுக்குத்தான் பஞ்சம்.

அதனால் எந்தக் கீரை என்று பேசுவதற்கு முன் எந்த இடம் என்று பேசியாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கீரைப் பட்டியல்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு செடிக்கும் பத்து நோய் தீரும் என்று எழுதிவிட்டு, அது முளைத்திருக்கும் மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

முதலில் இடம்

கீரைகள் மண்ணிலிருக்கும் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். இலைமேல் படிந்த புழுதி அலசினால் போகும். இலைக்குள் ஏறியது அலசினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. பெட்ரோலில் ஈயம் சேர்ப்பதை நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டிலேயே நிறுத்தியாயிற்று. ஆனாலும் அதற்கு முன்பு பல வருஷம் சாலையோர மண்ணில் படிந்தது லேசில் போகிற சரக்கு அல்ல. பழைய வீட்டை இடித்த மனையிலும் இதே தொல்லை உண்டு, பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். அங்கே முளைக்கும் குப்பைக்கீரை தளதளவென்றுதான் நிற்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் இவற்றின் கரைகளை அடியோடு மறந்துவிடுங்கள். எண்ணூர், மணலி தொழிற்சாலைப் பகுதியும், கொடுங்கையூர், பெருங்குடி குப்பை மேடுகளின் சுற்றுவட்டாரமும் அப்படித்தான். ரயில் பாதை ஓரத்தில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். மெக்கானிக் ஷெட், பழைய இரும்புக் கடை, பேட்டரிக் கடை இருந்த மனையும் வேண்டாம். தெருவோரச் செடியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, தெரு நாய்கள் நம்மை முந்தியிருக்கும்.

சட்டம் தடுக்கிற இடங்களும் இருக்கின்றன. கிண்டி தேசியப் பூங்காவிலும் நன்மங்கலம் காப்புக்காட்டிலும் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. அங்கே பறவை பார்க்கப் போகலாம், கீரைக்குப் போகக் கூடாது.

மிச்சம் என்ன? சொந்த வீட்டுக் கொல்லை, தெரிந்தவர் வீட்டுத் தோட்டம், மருந்தடிக்காத அடுக்குமாடி வளாகம், மொட்டை மாடி, அப்புறம் ஊருக்கு வெளியே இருக்கும் வயல்கள். இதில் மொட்டை மாடியைத்தான் நான் முதலில் சொல்வேன். சுத்தமான செம்மண்ணையும் மக்கிய மாட்டு எருவையும் சரிபாதி கலந்து ஒரு அகலமான தொட்டியில் நிரப்பி, எதுவும் விதைக்காமல் தினம் தண்ணீர் மட்டும் தெளியுங்கள். எருவிலும் மண்ணிலும் விதை கிடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பருப்புக்கீரையும் குப்பைக்கீரையும் பெரும்பாலும் தானாகவே தலைகாட்டும். மாடு மேய்ந்த இடத்துக் களைதான் எருவோடு மாடியேறி வந்திருக்கிறது. பூத்துக் காய்த்து விதை உதிர விட்டால் அடுத்த தடவை எருகூட வேண்டாம்.

பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணி மூன்றும் ஈரத்தைத் தேடிப் போகும் செடிகள். சென்னைக்குள் இவை தானாக முளைக்கிற இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்: சாக்கடை ஓரம், குளக்கரை, தண்ணீர் தேங்கிய மனை. ஆகவே நகரத்துக்குள் இந்த மூன்றையும் எங்கே பார்த்தாலும் தொட வேண்டாம். கடையில் கட்டு வாங்கும்போது வேர்க்கணு உள்ள நாலு தண்டை எடுத்துத் தொட்டியில் நட்டால் பிடித்துக்கொள்ளும். பிரண்டையும் அப்படித்தான், இரண்டு கணு உள்ள ஒரு துண்டு போதும்.

ஊருக்கு வெளியே என்றால் திருவள்ளூர், பொன்னேரி, செங்கல்பட்டுப் பக்கம். மின்சார ரயிலிலேயே போய்விடலாம். வேர்க்கடலை, கேழ்வரகு போட்ட கொல்லைகளில் களையெடுக்கும் சமயம் தொய்யக்கீரை, குமட்டிக்கீரை, பண்ணைக்கீரை எல்லாம் கலந்து கிடக்கும். அவர்களுக்கு அது பிடுங்கிப் போடும் களை என்பதால், கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் கேட்காமல் வரப்பில் இறங்காதீர்கள். இறங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: “அண்ணே, களைக்கு மருந்து அடிச்சிருக்கீங்களா?” அவர் யோசித்தாலே திரும்பிவிடலாம். பயிருக்குப் பூச்சி மருந்து எப்போது அடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். ஆள் வைத்துக் கையால் களையெடுக்கும் கொல்லைதான் நமக்கு வேண்டியது.

எந்த மாதத்தில் எது

சென்னைக்கு வருஷத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். ஆடி, ஆவணி, புரட்டாசியில் வருவது சாயங்கால இடிமழை. இந்த இரண்டு மழைக்கும் கீரை இரண்டு விதமாக வரும்.

முதல் வரத்து ஆடி, ஆவணியில். மண் நனைந்து பத்துப் பதினைந்து நாளில் இளங்கீரை. வெயிலும் ஈரமும் மாறி மாறி வருவதால் இலை பொடிசாக, ருசி கெட்டியாக இருக்கும். மூக்கிரட்டைக்கும் பருப்புக்கீரைக்கும் இதுதான் நல்ல நேரம். தெருமுனை அம்மன் கோயிலில் கேழ்வரகுக் கூழ் ஊற்றும் மாதமும் இதுதான். கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் வைப்பது சும்மா வந்த வழக்கமாகத் தெரியவில்லை, அந்த மாதத்தில் கைக்கு எட்டுவது அவைதான்.

ஐப்பசி, கார்த்திகையில் பச்சை எங்கும் பொங்கி நிற்கும். கை துறுதுறுக்கும். பறிக்காதீர்கள். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்துதான் மனைகளில் நிற்கிறது. எலிக்காய்ச்சல் பரவும் காலமும் அதுதான். பாம்புகளும் மேடான இடம் தேடி வரும். இந்த இரண்டு மாதமும் மாடித் தொட்டிதான் துணை. முருங்கை மரத்தடியில் நின்று கீரை ஒடிக்கும் முன் அடிமரத்தை ஒரு தடவை பாருங்கள், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கூட்டம் கூட்டமாக அப்பியிருக்கும்.

தண்ணீர் வடிந்து மேட்டு நிலம் காய்ந்து, புதுத் துளிர் விடும் மார்கழிதான் வருஷத்தின் சிறந்த மாதம். தூதுவளை இலை அப்போது நன்றாகத் தழைக்கும், பனிக்கால இருமலுக்கு ரசமும் துவையலும் செய்ய வேளையும் சரியாக வரும். முள்ளை மட்டும் பொறுமையாக எடுக்க வேண்டும், இலையின் நடு நரம்பிலும் இருக்கும். மார்கழிக் கடைசியில் பனங்கிழங்கு வண்டியில் வர ஆரம்பிக்கும். ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைத்ததன் பலன் அது. மஞ்சள் தூள், உப்பு போட்டு வேகவைத்து, நார் கிழித்து, நடுவிலிருக்கும் குருத்தை நீக்கிச் சாப்பிட வேண்டும். கொஞ்சம் மிளகும் பூண்டும் சேர்த்து இடித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

தை, மாசியில் இலந்தை, நெல்லி, மொச்சை. மாசிக் கடைசியில் மாவடு.

பங்குனியில் வேப்பம்பூ. இதற்குச் சென்னைக்காரர் யாரும் வெளியூர் போக வேண்டாம், நல்ல மரம் ஒன்று வளாகத்துக்குள் இருந்தால் போதும். ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டுக் காலையில் எடுத்தால் பூ உதிர்ந்து கிடக்கும். காம்பு, எறும்பு, சருகு புடைத்து எடுத்து நாலைந்து நாள் காயவைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் பச்சடிக்குக் கடையில் சின்னப் பொட்டலம் வாங்குகிறவர்கள் வாசலில் இருக்கும் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அதே சமயத்தில் கொடுக்காப்புளி பழுக்கும். சுருண்ட காய் வெடித்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் சாப்பிடலாம், பச்சையாக இருந்தால் தொண்டை கட்டும்.

சித்திரை, வைகாசியில் நுங்கும் பதநீரும். அக்னி நட்சத்திர வெயிலில் தரையில் கீரை எதுவும் உருப்படியாக இருக்காது. நுங்கு வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள், உள்ளே தண்ணீர் தளும்புகிற மாதிரி இருந்தால் இளசு. கெட்டியாக இருந்தால் வயிற்று வலிக்கு விலை கொடுக்கிறீர்கள். ஆனியில் களாக்காயும் நாவலும். நாவல் மரத்தடி நடைபாதை ஊதாவாகக் கிடக்கும், அதைப் பொறுக்குவதைவிடத் தள்ளுவண்டியில் உப்புத் தூவி வாங்கிக்கொள்வது மேல். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி விளாம்பழம்: தரையில் போட்டால் எம்பாமல் சொத்தென்று விழுந்தால் பழம், எம்பினால் காய்.

அடையாளம் காண்பது: மூன்று கீரை, மூன்று சோதனை

இருபது செடியை ஒரே நாளில் கற்கப் பார்க்காதீர்கள். ஒரு செடியைத் துளிர், பூ, காய் என மூன்று நிலையிலும் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

பருப்புக்கீரையில் ஆரம்பியுங்கள். தரையோடு படரும், தண்டு சிவந்து வழவழப்பாக, ரோமமே இல்லாமல் சதைப்பற்றாக இருக்கும். சின்ன மஞ்சள் பூ வெயில் ஏறும்போது மலர்ந்து சீக்கிரமே மூடிக்கொள்ளும். இதோடு குழம்பக்கூடியது சித்திரப்பாலாடை. அதுவும் சிவந்த தண்டோடு தரையில் அப்பிக் கிடக்கும். சோதனை சுலபம்: தண்டை ஒடியுங்கள். பால் கசிந்தால் தூரப் போடுங்கள். பருப்புக்கீரையில் தெளிந்த நீர்தான் வரும். பால் வரும் எந்தச் செடியையும் புதிதாகப் பழகுகிறவர் சட்டியில் போடக் கூடாது என்று வைத்துக்கொண்டால் எருக்கும் கள்ளியும் சேர்ந்தே கழிந்துவிடும்.

அடுத்தது மூக்கிரட்டை. இதற்கும் சாரணைக்கும் காலங்காலமாகக் குழப்பம் உண்டு, கட்டு விற்பவர்களே கலந்துதான் தருகிறார்கள். ஒரு கொடியைக் கையில் எடுத்துக் கணுவைப் பாருங்கள். இரண்டிலும் இலை ஜோடியாக இருக்கும், ஜோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஆகவே இலையை வைத்து முடிவு கட்ட முடியாது. பூவைப் பார்க்க வேண்டும். மூக்கிரட்டையில் மெல்லிய காம்பு நீண்டு, அதன் நுனியில் கடுகளவு ஊதாச் சிவப்புப் பூக்கள் கொத்தாக நிற்கும். சாரணையில் காம்பே இருக்காது, இலையும் தண்டும் சேரும் இடுக்கில் பூ பாதி புதைந்து உட்கார்ந்திருக்கும். இலையைத் திருப்பினால் மூக்கிரட்டையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். சாரணை இலை இன்னும் சதைப்பற்றானது. சாரணையும் உண்ணக்கூடியதுதான், ஆனால் முற்றிய இலை வயிற்றைக் கலக்கும். துளிரை மட்டும் எடுத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும்.

மூன்றாவது முடக்கத்தான். வேலியில் ஏறும் மெல்லிய கொடி, மூன்று பிரிவாக வெட்டுப்பட்ட இலை. காய் காற்றடைத்த சின்னப் பை மாதிரி உப்பியிருக்கும். அதைப் பிரித்தால் மிளகளவு கறுப்பு விதை, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக இதய வடிவத்தில் ஒரு பொட்டு. அதைப் பார்த்துவிட்டால் இனிமேல் சந்தேகமே வராது. இலையை அரைத்துத் தோசை மாவில் கலப்பதுதான் வழக்கமான முறை. கசப்பு லேசாகத்தான் தெரியும்.

குப்பைக்கீரையும் முள்ளுக்கீரையும் முளைக்கீரையின் உறவு என்பதால் சீக்கிரம் பிடிபடும். காளானை மட்டும் மழைக்காலத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். புற்றுமண் காளானைப் பார்த்தாலே அடையாளம் சொல்கிறவர்கள் ஊரில் உண்டு, அது எழுதிப் படித்து வருகிற அறிவு அல்ல. கைபேசியில் படம் எடுத்துச் செடிப் பெயர் சொல்லும் செயலிகளை ஆரம்பத் துப்பாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மூலிகைத் தோட்டம் இருக்கிறது, செடியை நேரில் பார்த்துப் பழக அது நல்ல இடம். செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்து இருளர் பழங்குடி மக்களிடம் இதைவிட ஆழமான அறிவு இருக்கிறது. அவர்களோடு கொல்லைக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டு நேரத்தை வாங்கிக்கொண்டு நன்றி மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமில்லை.

பறிப்பதும் அலசுவதும்

காலையில் பனி காய்ந்த பிறகு பறியுங்கள். மூடிய செருப்பு, கையில் ஒரு கோல். புதரில் கை விடும் முன் கோலால் தட்ட வேண்டும். வேரோடு பிடுங்காமல் நுனியிலிருந்து நாலு விரல் நீளம் கிள்ளினால் செடி மறுபடி தழைக்கும். துணிப்பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் வெந்து போய்விடும். சந்தேகமான இலையைத் தனியாக வையுங்கள், ஆயும்போது தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றாகப் போட்டுவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

அலசுவதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அமுக்கி, ஒரு நிமிஷம் விட்டு, கீரையை மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடிகட்டினால் அடியில் படிந்த மண் திரும்பக் கீரைமேலேயே விழும். அடியில் மண் தட்டாத வரை தண்ணீரை மாற்றுங்கள். தரையில் படரும் கீரைக்கு மூன்று நாலு தடவையாவது ஆகும்.

புதிதாகச் சாப்பிடும் கீரை எதுவானாலும் முதல் நாள் இரண்டு கரண்டி போதும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே புதுக் கீரை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரை, சாரணை, தண்டுக்கீரை வகைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும், கல் உருவாக்கும் ஆக்ஸலேட் உப்பு அவற்றில் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் புதுக் கீரையைத் தொட வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் மூலிகைச் செய்தியை நம்பிச் சாப்பாட்டை மருந்தாக்காதீர்கள், குழம்பாகவே இருக்கட்டும்.

அடுப்பில்

வடமாவட்டங்களில் கலவைக்கீரை என்று ஒன்று உண்டு. ஒரே கீரையைக் கட்டாக வாங்கிச் சமைப்பவர்களுக்கு இதன் ருசி தெரியாது. சப்பென்று ஒன்று, புளிப்பாக ஒன்று, லேசாகக் கசப்பாக ஒன்று, இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். குப்பைக்கீரை இரண்டு கைப்பிடி, பருப்புக்கீரை ஒன்று, மூக்கிரட்டை அரை. முருங்கைத் துளிர் இருந்தால் கொஞ்சம்.

அரை டம்ளர் துவரம்பருப்பை முக்கால் பதம் வேகவையுங்கள். அதில் ஆறு பல் பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், ஒரு தக்காளி. அவை குழைந்ததும் நறுக்கிய கீரையைப் போட்டு மூடாமல் பத்து நிமிஷம். குக்கர் வேண்டாம், நிறமும் போகும், வாசனையும் போகும். அதிகத் தண்ணீரை வடித்து வைத்துவிட்டு, உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். பருப்புக்கீரையில் புளிப்பு இருப்பதால் புளி சேர்க்கும் முன் ஒரு தடவை வாயில் வைத்துப் பாருங்கள். தாளிக்க நல்லெண்ணெயில் கிள்ளிப் போட்ட காய்ந்த மிளகாயும் தாளிப்பு வடகமும். வடகம் சிவந்து மணம் வரும் நேரத்தில் சட்டியில் கொட்டி மூடிவிட வேண்டும். கேழ்வரகுக் களிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை, சுடுசோறும் பரவாயில்லை.

பிரண்டைக்கு மட்டும் தனி ஜாக்கிரதை. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இளந்தண்டின் கணுவை வெட்டி எறிந்து, ஓரத்து நாரை உரித்து நறுக்குங்கள். எண்ணெயில் நிறம் மாறிச் சுருண்டு வரும்வரை வதக்க வேண்டும். பாதி வதக்கலில் எடுத்தால் தொண்டை அரிக்கும். வறுத்த உளுந்து, காய்ந்த மிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, உப்பு, பெருங்காயம் சேர்த்து அரைத்தால் துவையல். புளியைக் குறைக்காதீர்கள், அரிப்பை அடக்குவதே அதுதான்.

பறிக்க முடியாததை வாங்குவது

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாதத்தில் இரண்டு தடவை பறிக்க முடிந்தாலே பெரிது. மிச்ச நாளுக்குக் கூடை வைத்திருக்கும் கீரைக்காரம்மாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். விடியற்கால மின்சார ரயிலின் வியாபாரிகள் பெட்டியில் திருவள்ளூர்ப் பக்கமிருந்து மூட்டையோடு வந்து இறங்குகிறவர்கள் அநேகம். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாரிடமும் இருக்கும். “அம்மா, கொல்லையில தானா வர்ற கீரை இருந்தா ஒரு கட்டு கொண்டாங்களேன்” என்று சொல்லி வையுங்கள். யாரும் கேட்காததால்தான் அவர்கள் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்த அன்று பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள், அடுத்த வாரமும் வரும்.

மீனுக்கும் பருவம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால். அந்த நாட்களில் காசிமேட்டில் வஞ்சிரம் தேடி அலைந்தால் ஐஸில் கிடந்ததோ வேறு கரையிலிருந்து வந்ததோதான் கிடைக்கும், விலையும் எகிறும். கரையோரம் போய்வரும் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் காலையில் போனால் நெத்திலி, காரப்பொடி, கவலை என்று சின்ன மீன்கள் கூறு போட்டு வைத்திருப்பார்கள். மாங்காய் மலிந்திருக்கும் நேரம் அது, நெத்திலியை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்துவிடலாம். நண்டு வாங்கினால் வயிற்று மடலுக்குள் சினை வைத்திருப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள், கொடுப்பார்கள்.